வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹன்னா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பழைய பால்பண்ணை ஒன்றை வாங்கினேன். 60 ஏக்கர், ஒரு ஊற்று, கொஞ்சம் ஆப்பிள் மரங்கள், விடுமுறைக்குத் தங்க ஒரு வீடு. போன வாரம் எரிவாயு நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார். ஏக்கருக்கு 1,500 டாலர் போனஸ், 12.5 சதவீத ராயல்டி, ஐந்தாண்டுக் குத்தகை என்று நான்கு பக்கத் தாளைக் கொடுத்தார். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்கிறார். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் அப்பாவோ, “பூமிக்கு அடியில் இருப்பது சர்க்கார் சொத்து. அதற்கு உனக்கு எதற்குப் பணம் தருகிறான்? ஏதோ ஏமாற்று வேலை” என்கிறார். என்ன செய்வது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொல்வது மன்னார்குடிக்குச் சரி. அங்கே வயலுக்கு நடுவே துளையிடும் ரிக் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் வேறெப்படி நினைப்பார்? இந்தியாவில் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகளின்படி, தரைப் பகுதியில் எண்ணெயும் வாயுவும் எடுக்கும் குத்தகையை மாநில அரசு மத்திய அரசின் ஒப்புதலோடு நிறுவனத்துக்குத் தருகிறது. எடுத்த வாயுவின் விலையில் ஒரு பங்கான ராயல்டியும் அரசுக்குத்தான். வயல்காரருக்குக் கிடைப்பது மேல்மண்ணைப் பயன்படுத்தியதற்கான தொகையும் பயிருக்கு நஷ்டஈடும். அவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை.

அமெரிக்காவில் தனியார் நிலத்தில் அப்படியில்லை. நிலத்தடி என்பது தனிச் சொத்து. மேலே இருக்கும் நிலத்தைப் போலவே அதையும் விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், பாகம் பிரிக்கலாம். மேல்மண்ணை விற்றுவிட்டுக் கீழே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் உங்களிடம் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் நிலத்தின் கீழே இருக்கும் வாயு உங்களுடையதுதானா?

நிலம் வாங்கும்போது செய்த பத்திரச் சோதனையை நம்ப வேண்டாம். வீடு வாங்குவோருக்குச் செய்யும் சோதனை பெரும்பாலும் நிலத்தடி உரிமைக்குள் போவதே இல்லை. நம் ஊரில் வில்லங்கம் பார்க்கிறோமே, அதுபோலக் கவுண்டி பதிவு அலுவலகத்தில் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும். உங்களுக்கு விற்ற பால்பண்ணைக்காரரோ அவருடைய தாத்தாவோ ஏதாவது ஒரு பத்திரத்தில் “எண்ணெயும் எரிவாயுவும் எனக்கே” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பென்சில்வேனியாவில் இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பழைய பத்திரத்தில் “கனிமங்கள்” என்று மட்டும் ஒதுக்கியிருந்தால் அதில் எண்ணெய் அடங்காது என்று 1882இல் ஒரு தீர்ப்பு வந்தது. மார்செல்லஸ் என்ற ஆழத்துப் பாறை அடுக்கின் வாயுவுக்கும் அதே விதிதான் என்று 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே ஒதுக்கீடு ஏதாவது இருந்தால் அதன் சொற்களை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

வாயு உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அந்த நான்கு பக்கத் தாளுக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் முதலில் எழுதியிருப்பது, கையெழுத்துக்கு ஒரு முறை தரும் போனஸைப் பற்றி. 60 ஏக்கருக்கு 90,000 டாலர் கையில் கிடைக்கும் என்றால் யாருக்கும் கண் அங்கேதான் போகும். என் கண் போனது “ஐந்தாண்டுக் குத்தகை” என்ற சொற்களுக்கு. பதினாறு ஆண்டுகளாக இந்தக் குத்தகைகளைப் படித்தும் திருத்தியும் வருகிறேன். நம் மக்களை அதிகம் ஏமாற்றுவது “குத்தகை” என்ற சொல்தான். நம் பேச்சில் குத்தகை என்றால் தவணை முடிந்ததும் நிலம் உடையவரிடம் திரும்பிவிடும். இங்கே அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தமில்லை.

உங்கள் தாளில் கால அளவைச் சொல்லும் ஷரத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாண்டு என்று எழுதிய பிறகு, “அதன்பின் வாயு உற்பத்தியாகும் வரை” என்ற பொருளில் ஒரு வால் இருக்கும். அந்த ஐந்தாண்டுக்குள் ஒரு கிணறு தோண்டி வாயு எடுக்கத் தொடங்கிவிட்டால், வாயு வரும் வரை குத்தகை நீளும். எவ்வளவு நீளும்? இந்தியானா கவுண்டியில் (மாநிலம் அல்ல, பென்சில்வேனியாவுக்குள்ளேயே ஒரு கவுண்டிக்கு அந்தப் பெயர்) 1928இல் எழுதிய குத்தகை ஒன்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தக் கிணறுகள் 1959ஆம் ஆண்டில் சுமார் 40 டாலர் நஷ்டத்தில் ஓடியிருந்தன. லாபம் இல்லாத ஆண்டிலேயே குத்தகை முடிந்துவிட்டது என்று நிலத்துக்காரர் வாதாடினார். நிறுவனம் நல்லெண்ணத்தோடு கிணற்றை ஓட்டி வந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நிலத்துக்காரர் தோற்றார். எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தக் குத்தகை உயிரோடுதான் இருந்தது.

உங்கள் 60 ஏக்கரில் கிணறே தோண்டாவிட்டாலும் இந்தக் கதிதான். மார்செல்லஸ் கிணறுகள் செங்குத்தாகப் பல ஆயிரம் அடி இறங்கி, பின் படுக்கைவாட்டில் ஒரு மைல், இரண்டு மைல் போகின்றன. பல நிலங்களைச் சேர்த்து ஒரே அலகாகப் பதிவு செய்வார்கள். அந்த அலகுக்குள் உங்கள் நிலத்தின் ஐந்து ஏக்கர் மட்டும் வந்தால்கூட, சாதாரணக் குத்தகையில் மீதி 55 ஏக்கரும் கட்டுண்டு கிடக்கும். அதற்கு ராயல்டி ஒரு காசு வராது, வேறொருவருக்குக் குத்தகைக்கு விடவும் முடியாது. இதற்கு மாற்று உண்டு. அலகுக்குள் சேராத பகுதி ஐந்தாண்டு முடிவில் விடுபட வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்ப்பார்கள், பியூ ஷரத்து என்று பெயர். ஆழத்துக்கும் அப்படியே எழுதலாம்: மார்செல்லஸ் அடுக்கை மட்டும் தோண்டினால், அதற்குக் கீழே இருக்கும் யூட்டிகா அடுக்கு உங்களுக்குத் திரும்ப வேண்டும். நிறுவனத்தின் அச்சடித்த தாளில் இந்த இரண்டும் இருக்காது. கேட்டால்தான் வரும். பதிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் சில வரிகளை அடித்துவிடுங்கள். அதே போனஸுக்கு இன்னும் ஐந்தாண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமை, கிணற்றை மூடி வைத்துச் சொற்பத் தொகை கொடுத்தே குத்தகையைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை (அடிக்க விடாவிட்டால் ஓரிரு ஆண்டு என்று எல்லை வையுங்கள்), உங்கள் நிலத்தடியை வெளி வாயுவுக்குச் சேமிப்புக் கிடங்காகப் பயன்படுத்தும் உரிமை ஆகியவை அவை. மூன்றாவதை நான் எந்தத் தாளிலும் விட்டு வைத்ததில்லை.

நீங்கள் விற்பவர் என்று சட்டமே ஒரு முறை சொல்லிவிட்டது. ராயல்டியில் ஏமாற்றினார்கள் என்று ஒரு பெரிய நிறுவனத்தின் மீது பென்சில்வேனியா அரசு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: அந்தச் சட்டம் விற்பவரின் நடத்தையைக் கட்டுப்படுத்துவது, இந்தப் பேரத்தில் நிறுவனம் வாங்குபவர். கார் வாங்கும்போது உங்களுக்கு இருக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இந்தப் பேரத்தில் இல்லை. தாளில் எழுதியிருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி 12.5 சதவீதம். அந்த ஆள் அதை ஏதோ சலுகை போலச் சொல்லியிருப்பார். உண்மையில் அது சட்டம் அனுமதிக்கும் தரைமட்டம். எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக ராயல்டி கொடுத்தால் குத்தகையே செல்லாது என்று 1979இலேயே பென்சில்வேனியா சட்டம் இயற்றியது. அதைவிடக் குறைவாக அவர் கொடுக்க முடியாது என்பதால்தான் அதைக் கொடுக்கிறார்.

ஆனால் சதவீதத்தைவிட, எதன் மீது சதவீதம் என்பதே முக்கியம். கிணற்று வாயிலிருந்து வரும் வாயுவைச் சேகரித்து, ஈரம் நீக்கி, அழுத்தி, குழாயில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகச் செலவாகும். அந்தச் செலவில் உங்கள் பங்கையும் கழித்துக்கொண்டு ராயல்டி தரலாமா? கழித்தால் எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடுகிறதே என்று உங்கள் சஸ்குவெஹன்னா கவுண்டி நிலத்துக்காரர்களே வழக்குப் போட்டார்கள். கழிக்கலாம் என்று 2010இல் தீர்ப்பு வந்தது. அன்று முதல், தாளில் தடை எழுதாதவர் கழிவைச் சுமக்கத்தான் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அலகு 640 ஏக்கர், அதில் உங்களுடையது 60. ஒரு மாதத்தில் 40 கோடி கன அடி வாயு விற்கிறது. விலை ஆயிரம் கன அடிக்கு 2.50 டாலர், ஆக மொத்தம் 10 லட்சம் டாலர். கழிவு இல்லாமல் 12.5 சதவீதம் என்றால் உங்களுக்கு 11,718 டாலர். ஆயிரம் கன அடிக்கு 90 சென்ட் செலவு கழித்தால் அதே 12.5 சதவீதம் 7,500 டாலராகச் சுருங்குகிறது. இப்போது நிறுவனம் தாராளமாக, “சரி, 18 சதவீதம் தருகிறோம், ஆனால் கழிவு உண்டு” என்கிறது. அப்போது 10,800. நீங்கள் “15 போதும், கழிவு கூடாது” என்று சொல்லியிருந்தால் 14,062. பெரிய எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், சிறிய எண்ணுக்குப் போட்டவரைவிடக் குறைவாக வாங்குகிறார். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விலை சரிந்தாலும் குழாய்ச் செலவு பெரும்பாலும் சரியாது. 2008 கோடையில் அமெரிக்க எரிவாயு விலை 13 டாலரைத் தாண்டியது. 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. அந்த நாட்களில் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு முதியவரின் ராயல்டிச் சீட்டில், கழிவு போக மிஞ்சியது காசோலை அனுப்பும் தபால் தலைக்குத்தான் காணும். அவருடைய தாளில் தவறு எதுவும் இல்லை. தடை எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

“கழிவு கூடாது” என்று எழுதிய பிறகு அடுத்த பத்தியில் “சந்தை மதிப்பை உயர்த்தும் செலவுகள் நீங்கலாக” என்று ஒரு வாக்கியம் வந்தால், முதல் பத்தி வெறும் அலங்காரம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ராயல்டியைக் கணக்கிடும் விலை, தங்கள் துணை நிறுவனத்துக்கே விற்ற விலையாக இருக்கக் கூடாது, உறவில்லாத வெளியாருக்கு விற்ற விலையாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமையும் வேண்டும்.

“பக்கத்தில் எல்லாரும் போட்டுவிட்டார்கள்” என்ற வார்த்தையைப் பதினாறு ஆண்டாகக் கேட்கிறேன். சில சமயம் உண்மை. குத்தகையின் சுருக்கத்தைக் கவுண்டியில் பதிவு செய்வது வழக்கம், அதனால் நேரிலோ இணையத்திலோ பார்த்துவிடலாம். போனஸ் தொகை அதில் இருக்காது. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். சம்பளம் கேட்பதுபோலக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். மார்செல்லஸ் மோகம் தொடங்கிய காலத்தில் ஏக்கருக்குச் சில பத்து டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், சில ஆண்டுகளில் அண்டை நிலங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கியதை வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தார்கள். பிறகுதான் பலர் கூட்டமாகச் சேர்ந்து ஒரே வழக்கறிஞரை வைத்துப் பேரம் பேசினார்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் போடாத இரண்டு பேர் இருந்தால்கூடச் சேர்ந்துகொள்ளுங்கள். தொடர்ச்சியாக இருக்கும் 300 ஏக்கருக்கு இருக்கும் குரல் 60 ஏக்கருக்கு இல்லை.

உண்மையாகவே எல்லாரும் போட்டிருந்தால் உங்கள் நிலை பலவீனமா? பாதி அப்படி, பாதி இல்லை. பென்சில்வேனியாவில் மார்செல்லஸ் அடுக்குக்கு உங்களைக் கட்டாயமாக அலகில் சேர்க்கச் சட்டம் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஆனண்டாகா என்ற பாறை அடுக்கைத் துளைக்கும் கிணறுகளுக்கே அந்த வழியைத் தருகிறது, மார்செல்லஸ் அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் அனுமதியின்றி உங்கள் நிலத்தடியில் துளையும் போட முடியாது. ஆனால் எல்லைக்கு அப்பால் துளை போட்டு, திரவத்தையும் மணலையும் செலுத்திப் பாறையைப் பிளக்கும்போது உங்கள் பக்கத்து வாயு அங்கே நகர்ந்து போனால், அவர்களுடைய திரவமோ மணலோ உங்கள் எல்லைக்குள் நுழையாதவரை, கேட்க முடியாது என்று 2020இல் தீர்ப்பாகிவிட்டது. உங்களைச் சுற்றிக்கொண்டு போவது அவர்களுக்குச் செலவு, உங்களுக்கு இழப்பு. இருவருக்கும் பேச ஏதோ ஒன்று இருக்கிறது. நிலம் அலகின் நடுவில் இருந்தால் நிமிர்ந்து பேசுங்கள். ஓரத்தில் இருந்தால் அளவாகக் கேளுங்கள். அலகின் கோட்டைத் திருப்பி வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊற்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் அதிகம் கவலை. உங்கள் கவுண்டியில்தான் டிமாக் என்ற ஊர் இருக்கிறது. 2009 புத்தாண்டு நாளில் அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணற்றில் மீத்தேன் சேர்ந்து வெடித்து, மேலே கிடந்த கான்கிரீட் மூடி உடைந்து சிதறியது. அந்த விவகாரம் முடிய 2022 நவம்பர் ஆனது. அங்கே எரிவாயு எடுத்த நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்க்காமல், புதிய குடிநீர்க் குழாய்க்கு ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகள் வேறு தண்ணீருக்குக் காத்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

2012ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நிலத்துக்காரருக்கு ஓரளவு துணை நிற்கிறது. எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் நீர்நிலை, வேலை முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கெட்டால், நிறுவனமே காரணம் என்று கொள்ளப்படும். அது தப்பிக்கும் வழிகளில் ஒன்று, முன்பே கெட்டிருந்தது என்று காட்டுவது. இன்னொன்று, தோண்டும் முன் சோதிக்க நிலத்துக்காரர் விடவில்லை என்று காட்டுவது. ஆகவே அவர்கள் சோதிக்க வந்தால் தடுக்காதீர்கள். அதே வாரம் உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தையும் அழைத்து, ஊற்று நீரையும், குடிநீர்க் கிணறு இருந்தால் அந்த நீரையும் மீத்தேன் உட்படச் சோதித்து வையுங்கள். சோதனை முடிவுத் தாளைப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது: மேல்மண்ணையே கொடுக்காதீர்கள். ஒரு கிணற்றுத் தளம் பல ஏக்கரைச் சமன் செய்து கல் கொட்டி எடுத்துக்கொள்ளும். லாரிகள் மாதக்கணக்கில் வரும். துளை ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே உங்கள் அடியில் வந்துவிட முடியும் என்பதால், “மேற்பரப்பில் தளம், சாலை, குழாய், குட்டை எதுவும் கூடாது” என்று எழுதிய குத்தகைகளை நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ராயல்டி அதனால் குறையாது. விடுமுறை வீடும் ஆப்பிள் மரங்களும் வைத்திருக்கும் உங்களைப் போன்றவருக்கு இதைவிடப் பொருத்தமான ஷரத்து இல்லை. பின்னால் குழாய் போக இடம் கேட்டு வந்தால், அதைத் தனிப் பேரமாக, தனிப் பணத்துக்குப் பேசிக்கொள்ளலாம்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: போனஸும் ராயல்டியும் வழக்கமான வருமானமாகவே வரிக்கு வரும். ராயல்டியில் 15 சதவீதத்தை மத்திய வரிக்கணக்கில் தேய்மானமாகக் கழிக்க இடமுண்டு. நிலத்துக்கு விவசாயச் சலுகை வரி வாங்கியிருந்தால் கணக்காளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அடமானப் பத்திரத்தைப் பாருங்கள். வங்கியைக் கேட்காமல் குத்தகைக்கு விடக் கூடாது என்று பலவற்றில் இருக்கிறது.

அந்த ஆள் போனஸைக் காசோலையாகத் தருகிறாரா, “டிராஃப்ட்” என்று ஒரு சீட்டாகத் தருகிறாரா? நம் ஊர் வங்கியின் டிமாண்ட் டிராஃப்ட் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சீட்டை நிறுவனம் அறுபதோ தொண்ணூறோ வங்கி நாட்களுக்குள் ஒப்புக்கொண்டால்தான் பணம். அதுவரை உங்கள் கையெழுத்து அவர்களிடம், உங்கள் கையில் காகிதம். இடையில் வாயு விலை விழுந்தால் பத்திரத்தில் ஏதோ கோளாறு என்று திருப்பிவிடலாம். குறிப்பிட்ட நாளுக்குள் பணம் வராவிட்டால் குத்தகை தானாக ரத்து, அதுவரை பதிவு செய்யவும் கூடாது என்று எழுதி வாங்குங்கள். நிலத்தடி உரிமைக்கு நீங்கள் உத்தரவாதம் தருவதாக ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தேடும் பொறுப்பு, ஆட்களை வைத்திருக்கும் அவர்களுடையது.

வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் பார்த்த வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலானவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கின்றன. அந்த ஆளுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: “குத்தகைக்கு எங்களுக்கு விருப்பம் உண்டு. உங்கள் தாளை எங்கள் வழக்கறிஞர் திருத்தி அனுப்புவார்.” விருப்பம் உண்டு என்பதை முதலில் எழுதுங்கள், அப்போதுதான் காத்திருப்பார். வழக்கறிஞர் அந்தக் கவுண்டியிலோ அருகிலோ எரிவாயுக் குத்தகை பார்ப்பவராக இருக்கட்டும். போனஸில் பங்கு கேட்பவரைவிட மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் நல்லது. முழுத் தாளையும் பார்க்காமல் நான் எழுதியிருப்பதைப் பொதுவான வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் பத்திரத் தேடல். திங்கட்கிழமை காலை மான்ட்ரோஸில் இருக்கும் கவுண்டி அலுவலகத்துக்குப் பழக்கமான ஒரு தேடுநரைப் பிடியுங்கள். பழைய ஒதுக்கீடு ஏதாவது கிடைத்தால் உங்கள் அப்பா சொன்னது பாதி சரியாகிவிடும்: கீழே இருப்பது உங்களுடையது இல்லை, சர்க்காருடையதும் இல்லை, எங்கோ ஃப்ளோரிடாவில் இருக்கும் பால்பண்ணைக்காரரின் பேத்தியுடையது. அப்படியானால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது பேச வேண்டியது ராயல்டியைப் பற்றி அல்ல, உங்கள் மேல்மண்ணை அந்தப் பேத்தியின் குத்தகைக்காரரிடமிருந்து எப்படிக் காப்பது என்பதைப் பற்றி.